மூச்சு வாங்காச் சான்றிதழ்

போரால் கடலுக்குப் போகத் தடை இருந்த காலத்தில் நான் ஒரு மீன்பிடிக் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். மீன் இல்லாத மீன் சங்கத்தில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாது. காலையில் கதவைத் திறப்பேன். பின்னேரம் பூட்டுவேன். இரண்டு வேலைக்கும் நடுவில் எனக்கு நேரம் தாராளமாக இருந்தபடியால், என் தமக்கையின் மகள் ஸ்ரெல்லாவுக்கு என்னைப் பயிற்சியாளராக நியமித்திருந்தார்கள். அவளுடைய துவாயைப் பிடிப்பது, தண்ணீர்ப் போத்தலைப் பிடிப்பது, மைதானத்தில் கண்டவர்களும் அவளோடு வந்து கதைக்காமல் பார்த்துக்கொள்வது என்பவை என் கடமைகள். நான் ஓடிக் காட்டிப் பயிற்சி கொடுத்ததை ஒருவரும் கண்டதில்லை. பக்கத்து ஊரான பாசையூர்வரை நடந்தாலே எனக்கு முட்டு இழுத்து மூச்சு வாங்கும்.

ஸ்ரெல்லா ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடுகிறவள். அந்தத் தூரத்தில் அவளை முந்தக்கூடிய பெண் குடாநாட்டில் அப்போது பிறந்திருக்கவில்லை. அல்லது பிறந்து கனடாவுக்குப் போயிருந்தாள். குருநகரில் பிறந்தவர்கள் நீந்துவார்கள், வலை இழுப்பார்கள், சண்டை பிடிப்பார்கள். ஓடுவது எங்கள் பரம்பரையில் இல்லை. இவளுக்கு அது எங்கிருந்து வந்தது என்று அவளுடைய தகப்பன் இன்னாசித்தம்பிக்கே தெரியாது. அவருடைய வள்ளம் கரையில் கவிழ்ந்து கிடந்தது. அதன்மேல் காகங்கள் இருந்தன. அதன் நிழலில் அவர் இருந்தார்.

அந்த வீட்டுக்கு ஒரு சம்பளம் வரக்கூடிய வழி பண்டத்தரிப்புப் பக்கம் தெரிந்தது. அங்கே கன்னியர் நடத்திய ஒரு சிறிய பள்ளிக்கூடத்துக்கு விளையாட்டு ஆசிரியை தேவைப்பட்டது. தலைமைக் கன்னியாஸ்திரி சிஸ்டர் சிசிலியா ஸ்ரெல்லாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"பங்குனியிலை நடக்கிற குடாநாட்டுப் போட்டியிலை ஓடு. சித்திரையிலை வந்து வேலையை எடு."

"வெல்ல வேணுமோ, சிஸ்டர்?" என்று நான் இடையில் விழுந்து கேட்டேன். பயிற்சியாளர் அல்லவா.

"ஓடினால் காணும். எனக்கு ஓடுற ஆள் வேணும். முந்தி ஓடின ஆக்கள் எங்களிட்டை இருக்கினம். கதிரையை விட்டு எழும்ப மாட்டினம்."

இந்த நிலையில்தான் தை மாதம் ஊர் முழுவதும் வைரஸ் காய்ச்சல் வந்தது. பனிக்குள் ஓடப் போன ஸ்ரெல்லாவையும் அது பிடித்தது. ஒரு கிழமை நெருப்பாய்க் கொதித்தாள். காய்ச்சல் விட்டது, இருமல் விடவில்லை. முற்றத்திலிருந்து கிணற்றடிக்குப் போனால் பாதியில் நின்று தூணைப் பிடித்தாள்.

டொக்டர் அருந்ததி அவளுடைய முதுகில் குழாயை வைத்து நெடுநேரம் கேட்டார்.

"காய்ச்சல் போட்டுது, பிள்ளை. ஆனால் சுவாசக் குழாய் உள்ளுக்கை இன்னும் ஆறேல்லை. மற்ற ஆக்களெண்டா அது தெரியவே தெரியாது. தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு திரிவினம். நீ நெஞ்சு முழுக்க மூச்செடுக்கிற ஆள், உனக்குத் தெரியும். ஒரு மாதம் ஓடாதை."

"ஓடினா, டொக்டர்?"

"ஓடினா அந்த ஒரு மாதம் மூண்டு மாதமாப் போகும்."

நான் கணக்குப் பார்த்தேன். ஒரு மாதம் ஆறினால் போட்டிக்கு முன்னர் மெதுவாகத் தொடங்கி ஓட நாள் இருந்தது. மூன்று மாதம் என்றால் வேலை போய்விடும். விஷயம் மிகச் சுலபம்: பிள்ளை சும்மா இருக்க வேண்டும். சும்மா இருப்பதில் எனக்கு நீண்டகால அனுபவம் உண்டு. முதன்முறையாக என்னால் உண்மையில் பயிற்சி கொடுக்க முடியும் என்று தோன்றியது.

மூன்று கிழமை அவளைச் சும்மா இருத்தினேன். அப்போதுதான் குடாநாட்டு மெய்வல்லுநர் ஒன்றியத்தின் அறிவித்தல் வந்தது. அண்மையில் காய்ச்சல் கண்ட வீர வீராங்கனைகள் அனைவரும் 'சுவாச மீட்சி மதிப்பீட்டு உபகுழு'வின் முன் தோன்றிச் சான்றிதழ் பெற வேண்டும். பெறாதவர்கள் மைதானத்துக்குள் காலடி வைக்கக் கூடாது. தோன்றத் தவறுபவர்களின் பெயர் வெட்டப்படும்.

உபகுழு சண்டிலிப்பாயில் ஒரு கல்வீட்டில் இயங்கியது. வீட்டுக்கு இந்தப் பக்கம் மைதானம். அந்தப் பக்கம் புகையிலைத் தோட்டம். வேலியோடு ஒரு குடில் இருந்தது. அதற்குள் தேங்காய் மட்டையைப் புகைய வைத்துப் புகையிலையைப் பதப்படுத்துவார்கள். மாசி, பங்குனியில் அந்தப் புகை வேலிக்கு மேலால் எழும்பி, நேரே உபகுழுவின் யன்னலுக்குள் வரும். சுவாசத்தை மதிப்பிட இதைவிடப் பொருத்தமான இடத்தை யாராலும் தேடிப்பிடித்திருக்க முடியாது.

குருநகரிலிருந்து சண்டிலிப்பாய்வரை ஸ்ரெல்லாவைச் சைக்கிள் கரியரில் ஏற்றி நான் மிதித்தேன். அவள் களைக்கக் கூடாது என்பது ஏற்பாடு. போய்ச் சேர்ந்தபோது உபகுழுவினர் என்னைத்தான் நோயாளி என்று நினைத்துக் கதிரை கொடுத்தார்கள்.

உபகுழுவில் மூன்று பேர். தலைவர் பஞ்சலிங்கம், இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர். ஒரு மணித்தியாலத்துக்குக் குறைவாக அவர் பேசியதில்லை. எந்தப் போட்டியிலும் ஓடியதில்லை. செயலாளர் தியாகலிங்கம், நொத்தாரிசு. காணி உறுதி எழுதி எழுதி, மனிதருக்கும் நாலு பக்கமும் எல்லை போட்டுத்தான் பார்ப்பார். மூன்றாமவர் அருளம்பலம். அவர் "ஓம்" என்பார்.

"எவ்வளவு காலம் ஆறியிருந்தனீர், பிள்ளை?" என்று தலைவர் தொடங்கினார்.

"மூண்டு கிழமை, ஐயா."

"ஆதாரம்?"

ஸ்ரெல்லா என்னைப் பார்த்தாள். "நான் பக்கத்திலை இருந்து பாத்தனான், ஐயா," என்றேன்.

"நீங்கள் இனத்தவர். இனத்தவரின்ரை சாட்சி செல்லாது," என்றார் நொத்தாரிசு.

"ஓம்," என்றார் அருளம்பலம்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார். பேச்சு வரப்போகிறது என்பதற்கு அது அடையாளம்.

"பிள்ளை, விஞ்ஞானம் எண்டு ஒண்டு இருக்கு. முழுக்க ஆறின தேகத்துக்கு மூச்சு வாங்காது. மூச்சு வாங்குதோ இல்லையோ எண்டு அறியிறதுக்கு ஒரே வழி ஓடிப் பாக்கிறது. ஆனபடியா இந்த மைதானத்தை நாலுதரம் சுத்தி ஓடும்."

"டொக்டர் ஓட வேண்டாமெண்டு சொன்னவ, ஐயா."

"அந்த ஆலோசனையை இந்தச் சபை மிகவும் மதிக்குது. நீர் அதின்படி ஓடாமல் இருந்தனீரோ எண்டதை நிறுவத்தான் ஓடச் சொல்லுறம்."

நான் இதை இரண்டுதரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். பழுது எங்கே என்று பிடிக்க முடியவில்லை. எல்லாத் திருகாணியும் இறுக்கமாகத்தான் இருந்தது.

ஸ்ரெல்லா ஓடினாள். மூன்றாம் சுற்றில் நின்று, முழங்காலைப் பிடித்துக்கொண்டு இருமினாள். புகையிலைக் குடிலின் புகை அவளைச் சுற்றிப் போனது. நான் துவாயோடு ஓடினேன். நானும் இருமினேன்.

"ஆறுதல் போதாது," என்று தலைவர் தீர்ப்புச் சொன்னார். "நல்லா ஆறும். ஆறினதை வாற சனிக்கிழமை வந்து ஓடிக் காட்டும்."

வந்த சனிக்கிழமை அவளால் இரண்டு சுற்றுத்தான் முடிந்தது. அதற்கடுத்த சனி ஒன்றரை. அருளம்பலம் பழைய கலண்டர் ஒன்றின் பின்பக்கத்தில் ஒரு கோடு கீறி, அது கீழே இறங்குவதை எனக்குக் காட்டினார். தலைவர் அதைக் கவலையோடு பார்த்தார்.

"பிள்ளை ஒழுங்கா ஆறுறேல்லை. கிழமைக்குக் கிழமை ஆறுதல் குறைஞ்சு கொண்டு வருது. வீட்டிலை என்ன செய்யிறா?"

"வீட்டிலை ஒண்டும் செய்யிறேல்லை, ஐயா. இஞ்சை வந்துதான் ஓடுறா," என்றேன்.

"அப்ப பிழை வீட்டிலைதான்," என்றார் நொத்தாரிசு.

வராமல் விடலாமா என்று நாங்கள் யோசிக்காமல் இல்லை. வராவிட்டால் பெயர் வெட்டு. வந்தால் மூச்சு வெட்டு. இரண்டுக்கும் நடுவில் ஸ்ரெல்லா கரியரில் இருந்தாள், நான் மிதித்தேன்.

நாலாவது சனிக்கிழமை மைதானத்தில் ஒரு கூட்டம் நின்றது. அன்று சபைக்குப் புதிய முறை ஒன்று வந்திருந்தது. தலைவர் வாசற்படியில் ஏறி நின்றார்.

"அன்பர்களே, மேல்நாடுகளிலை மூச்சை அளக்க ஒரு யந்திரம் இருக்கு. வாயை வைச்சு ஊதினா எவ்வளவு காத்து எண்டு முள்ளுக் காட்டும். நாங்கள் ஆளுக்கு மேலை ஆளைப் பிடிச்சு அதைக் கேட்டு எழுதினம். யந்திரம் வவுனியாவரைக்கும் வந்து நிக்குது. குழாய் இருக்கிற சாமான் இஞ்சாலை வரக்கூடாதெண்டு ஆமி சொல்லுதாம். நாங்கள் கலங்கினமோ? இல்லை! மண்ணெண்ணெயிலை மோட்டச் சைக்கிள் ஓடின ஆக்கள் நாங்கள். சவுக்காரம் இல்லையெண்டு பனம்பழத்திலை உடுப்புத் தோய்ச்ச ஆக்கள் நாங்கள். மூச்சை அளக்க மாத்திரம் எங்களிட்டை ஒண்டும் இல்லையோ?"

கைதட்டல் எழுந்தது. பனம்பழத்தில் தோய்த்த உடுப்போடு நின்றவர்கள் எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன். அந்தப் பேச்சில் ஒரு கணம் எனக்கும் நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க விரும்பவில்லை.

பிறகு ஓர் உறையிலிருந்து அந்த அளவுகருவி வெளியே வந்தது. அது நாதஸ்வரம்.

அதைக் கொண்டுவந்தவர் அளவெட்டி இராசநாயகம். நல்ல வித்துவான். கலியாணங்கள் எல்லாம் மேளம் இல்லாமல் அவசரத்தில் முடிகிற காலமாகையால் அவரும் என்னைப்போலவே நேரம் உள்ளவர். உபகுழு அவரைத் தொழினுட்ப ஆலோசகர் ஆக்கியிருந்தது. அவர் வாத்தியத்தின் வாயில் சீவாளியைப் பொருத்தினார். சீவாளி என்பது வாயில் வைத்து ஊதுகிற சின்ன நாணல் நாக்கு.

"கவனமா ஊதுங்கோ," என்றார் அவர். "உது தஞ்சாவூர்ப் பக்கத்து நாணல். தடை வந்தாப் பிறகு ஒண்டும் வரேல்லை. கைவசம் உது ஒண்டுதான். ஆளுக்காள் கழுவிக்கொண்டிருக்க ஏலாது, பிளந்துபோம்."

"கழுவத் தேவையில்லை," என்றார் தலைவர். "எல்லாருக்கும் ஒரே அளவுகோல். அதுதான் நீதி."

காய்ச்சல் கண்ட வீர வீராங்கனைகள் வரிசையில் நின்று ஊதினார்கள். இரும்புக்குண்டு எறிகிறவர் ஊதினார். காற்று மட்டும் வந்தது. தடை தாண்டுகிற பெண் ஊதினாள். கன்றுக்குட்டி ஒன்று எங்கோ பதில் சொன்னது. எங்கள் முறைக்கு முன்னால் ஈட்டி எறிகிற யாகப்பு நின்றான். அவனுக்குக் காய்ச்சல் முந்தநாள்தான் தொடங்கியிருந்தது. கண் சிவந்து, மூக்கு ஒழுகி, போர்வையோடு வந்திருந்தான்.

"ஏன்ராப்பா, படுத்திருக்காமல் இஞ்சை என்னத்துக்கு வந்தனீ?" என்று கேட்டேன்.

"வராட்டிப் பேர் வெட்டுவினம், அண்ணை," என்று சொல்லிவிட்டு, மூக்கைத் துடைத்து, சீவாளியை வாயில் வைத்து ஓர் ஊது ஊதினான். அன்றைய பொழுதில் நாதஸ்வரம் என்று சொல்லத்தக்க சத்தம் அதுதான். எல்லோரும் பாராட்டினார்கள்.

அடுத்தது ஸ்ரெல்லா. சீவாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் துவாயின் நுனியால் அதை ஒருதரம் துடைத்துக் கொடுத்தேன். நொத்தாரிசு அதை ஆட்சேபித்துக் குறித்துக்கொண்டார். அவள் ஊதினாள். மெல்லிய, நீண்ட ஒரு கீச்சு வந்தது. முடிவில் இருமல் வந்தது.

வித்துவான் கண்ணை மூடிக் கேட்டார். "மூச்சு இருக்கு. சுருதி சேரேல்லை," என்றார்.

நொத்தாரிசு எழுதினார்: 'சுருதி சேரவில்லை. ஆகவே சுவாசம் மீளவில்லை.'

"ஓடுறதுக்கு என்னத்துக்கு ஐயா சுருதி?" என்று கேட்டுவிட்டேன்.

தலைவர் என்னைக் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "சுருதி சேராத மூச்சு ஒழுங்கில்லாத மூச்சு, மிஸ்டர் நீக்கிலாப்பிள்ளை. அதோடை ஓடினா ஒழுங்கில்லாமல் ஓடுவா. இருந்தாலும் நாங்கள் அநியாயம் செய்யிற ஆக்களில்லை. பிழை பிள்ளையிலையோ வாத்தியத்திலையோ எண்டு சபை தானே பரிசோதிக்கும்."

சொன்னதோடு நிற்காமல் வாத்தியத்தை வாங்கி ஊதினார். கன்னம் இரண்டும் வீங்கின. சத்தம் வரவில்லை. நொத்தாரிசு ஊதினார். பிறகு அருளம்பலம் "ஓம்" என்று சொல்லிவிட்டு ஊதினார். கடைசியில் வித்துவான் தன் மானத்தைக் காப்பாற்ற வாங்கி ஒரு சின்ன ஆலாபனை வாசித்தார். எல்லோரும் திருப்தியோடு தலையாட்டினார்கள். வாத்தியத்தில் பிழை இல்லை.

அருளம்பலம் அன்றைக்குத்தான் "ஓம்" தவிர வேறொன்று சொன்னார். "தலைவர், பிள்ளை வேதக்காரப் பிள்ளை, சேர்ச்சுக்குப் போறது. நாதஸ்வரம் எண்டா எங்கடை கோயில் வாத்தியம். அவைக்கு அதிலை ஒரு இதாயிருக்குமோ எண்டு..."

"மூச்சுக்குச் சமயம் இல்லை, அருளம்பலம்!" என்று தலைவர் குரலை உயர்த்தினார். "அப்பிடி மனவருத்தம் இருந்தால், வேதக்காரருக்கு மாத்திரம் பாண்ட் வாத்தியத்திலை ஒரு உபவிதி கொண்டு வருவம். தியாகு, எழுதும்."

நொத்தாரிசு எழுதத் தொடங்கியபோது பொம்பர் விமானம் வந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டால் எந்தச் சபையும் கலையும். வீட்டுக்குப் பின்னால் ஒளிவதற்கு மண்ணில் வெட்டிய பங்கர் இருந்தது. ஸ்ரெல்லா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். எல்லோருக்கும் முதல் நாங்கள்தான் உள்ளே விழுந்தோம். எங்களுக்கு மேலே யாகப்பு போர்வையோடு விழுந்தான். அவனுக்கு மேலே உபகுழு விழுந்தது. இருட்டுக்குள் ஒரு பக்கம் தேவாரம், ஒரு பக்கம் அருள்நிறை மரியே. எங்கேயோ கிழக்கே நிலம் இரண்டுதரம் குலுங்கியது. கூரைப் பனங்குற்றியிலிருந்து மண் கொட்டியது. பிறகு ஒன்றும் இல்லை. எல்லோருடைய மூச்சும் மட்டும் கேட்டது. எங்களில் மிகப் பெரிதாகக் கேட்டது தலைவருடையது.

அந்த இருட்டுக்குள் நொத்தாரிசின் குரல் வந்தது.

"தலைவர், இந்தப் பிள்ளை இப்ப பங்கருக்கு ஓடினதை ஓட்டமாக் கணக்கெடுக்கலாமோ?"

"எடுக்கேலாது," என்று தலைவர் இளைத்தார். "முன்னறிவித்தல்... இல்லாத... ஓட்டம்."

"அப்ப ஓடின பிறகு அவவுக்கு மூச்சு வாங்கினது?"

தலைவர் சிறிது நேரம் யோசித்தார், அல்லது மூச்செடுத்தார்.

"அதை... எடுக்கலாம்."

திரும்பி வரும்போது ஸ்ரெல்லா கரியரில் ஏறவில்லை. எதிர்க்காற்றுக்கு நான் படுகிற பாட்டைப் பார்த்துவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு நடப்போம் என்றாள். நடந்தோம். ஆனைக்கோட்டைச் சந்தி தாண்டியபிறகு கேட்டாள்.

"மாமா, எனக்கு மூச்சுத் திரும்ப வருமோ?"

என்னிடம் எப்போதும் ஒரு பகிடி இருக்கும். அன்றைக்குத் தேடினேன், ஒன்றும் இருக்கவில்லை.

"வரும், பிள்ளை."

"ஆர் சொன்னது?"

"டொக்டர் சொன்னவ."

"ஓடாமல் இருந்தா வருமெண்டல்லோ டொக்டர் சொன்னவ."

நான் சைக்கிளை உருட்டினேன். இருமல் வந்தபோது நின்றோம், போனபோது நடந்தோம். வீட்டுப் படலையில் இன்னாசித்தம்பி அத்தான் நின்று, "என்ன மாதிரி?" என்று கேட்டார். "சுருதி சேரேல்லையாம்," என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. கடலில் முப்பது வருஷம் இருந்தவர்; விளங்காத விஷயங்களைக் கண்டு பழகியவர்.

அடுத்த சனிக்கிழமை மீண்டும் சண்டிலிப்பாய்க்குப் போனோம். கல்வீடு பூட்டியிருந்தது. புகையிலைக் குடிலில் நின்றவர்தான் விஷயத்தைச் சொன்னார்.

"சபை முழுக்கப் படுக்கை, தம்பி. தலைவருக்குக் காய்ச்சல். நொத்தாரிசுக்குக் காய்ச்சல். அருளம்பலத்தாருக்கும் வந்திட்டுது. மேளகாரரும் அளவெட்டியிலை மருந்துக் குடிநீர் குடிச்சுக்கொண்டு கிடக்கிறாராம். என்னெண்டு தெரியேல்லை, எல்லாருக்கும் ஒரே கிழமையிலை."

என்னெண்டு எனக்குத் தெரிந்தது. அருள்நிறை மரியே ஒன்று சொல்லி, அவர்கள் சுகப்பட வேண்டும் என்று மன்றாடினேன். விரைவாகச் சுகப்பட வேண்டும் என்று மன்றாடவில்லை.

சபை படுத்திருந்த அந்தக் கிழமைகளில் ஸ்ரெல்லாவை ஒருவரும் பரிசோதிக்கவில்லை. அவள் தகப்பனோடு போய் வள்ளத்தின் நிழலில் இருந்தாள். தாய் அவித்துக் கொடுத்த கொத்தமல்லியும் வேர்க்கொம்புச் சுக்கும் குடித்தாள். பகலிலும் நித்திரை கொண்டாள். பிறகு கோயில்வரை நடந்தாள். பிறகு கோயிலையும் தாண்டி நடந்தாள். நான் பின்னால் துவாயோடு போனேன். ஒரு காலைப்பொழுது அவள் எனக்கு முன்னால் போனாள், ஒரு வளைவில் திரும்பினாள், அதற்குப்பிறகு காணவில்லை. நான் வேகமாக நடந்து வளைவுக்குப் போய்ப் பார்த்தால், தூரத்தில் சின்னதாகத் தெரிந்தாள். ஓடிக்கொண்டிருந்தாள். நான் மதிலில் சாய்ந்துகொண்டு நின்றேன். முட்டு இழுத்தபடியால் மட்டுமல்ல.

மூச்சு வந்துவிட்டது. சான்றிதழ்தான் வரவில்லை.

போட்டிக்கு ஐந்தாறு நாள் இருக்கும்போது இருவருமாகத் தலைவர் வீட்டுக்குப் போனோம். அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. சால்வையால் காதை மூடிக்கட்டி, முற்றத்தில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். எங்களைக் கண்டதும் எழும்பினார். கிணற்றடிக்குக் கைகாட்டி, "தண்ணி... அள்ளித் தாறன்..." என்று சொல்லிக்கொண்டு நடந்தவர் பாதி வழியில் தோய்க்கிற கல்லில் இருந்துவிட்டார். ஸ்ரெல்லா தானே போய்த் தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து அவருக்குக் கொடுத்தாள்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார்.

"சபை... கூட வேணும். சபையிலை எல்லாருக்கும்... காய்ச்சல் வந்திட்டுது. விதிப்படி... எங்களுக்குச் சான்றிதழ்... இல்லை. சான்றிதழ் இல்லாத சபை... எப்பிடி..."

மீதி இருமலில் போனது. ஒரு மணித்தியாலப் பேச்சுக்காரர், அரை வசனத்துக்கு ஒருதரம் நின்று காற்றுத் தேடினார். எனக்குச் சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்துத்தான் வந்திருந்தேன். வரவில்லை. அவருடைய கழுத்து நரம்பு எழும்பி எழும்பி விழுந்தது.

ஸ்ரெல்லா அவருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள்.

"ஐயா, கதைச்சுக்கொண்டு நடக்காதேங்கோ. முதல்லை மூச்சை வெளியிலை விடுங்கோ. மெல்ல. இழுக்கிறதைப் பாக்காதேங்கோ, அது தானா வரும்."

அவர் ஊதினார். இரண்டு மூன்றுதரம் ஊதியபிறகு தோள் தாழ்ந்தது. தலைவராகவோ அதிபராகவோ அல்லாமல், வயதுபோன ஒரு மனிதராக அவளைப் பார்த்தார்.

"எனக்கு... திரும்ப வருமோ, பிள்ளை?"

"வரும், ஐயா. ஆறியிருந்தா வரும்."

"ஆதாரம்?" என்றார் அவர். பழக்கம்.

"உங்களை ஓடச் சொல்லமாட்டன், ஐயா," என்றாள் ஸ்ரெல்லா.

அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சான்றிதழைக் கேட்காமல் வந்துவிட்டோம்.

போட்டி நாள் வந்தது. வெயில் தலையில் ஏறுவதற்கு முன்னரே மைதானம் நிரம்பியது. வேப்பமரத்துக்குக் கீழே விருந்தினர் கதிரைகள். அதில் சிஸ்டர் சிசிலியா வெள்ளைக் குடையோடு இருந்தார். தலைவரையும் ஒரு கதிரையில் கொண்டுவந்து இருத்தியிருந்தார்கள். விதிப்படி அவர் மைதானத்துக்குள் காலடி வைக்கக் கூடாதாகையால், கதிரையோடு தூக்கிக்கொண்டு வந்ததாக அருளம்பலம் எனக்கு இரகசியமாகச் சொன்னார்.

பெண்கள் ஆயிரத்தைந்நூறு மீற்றருக்கு அழைத்தார்கள். ஸ்ரெல்லா கயிற்றைத் தாண்டக் குனிந்தாள். நொத்தாரிசு கையை நீட்டி மறித்தார். அவரும் கழுத்துத்துண்டு கட்டியிருந்தார். ஆனால் இருமலுக்கு நடுவிலும் விதி தெளிவாக வந்தது.

"சான்றிதழ்?"

"சபை கூடேல்லையே, ஐயா," என்றேன் நான்.

"சபை கூடாதது சபையின்ரை குற்றம். சான்றிதழ் இல்லாதது உங்கடை குற்றம். ரெண்டையும் கலக்கக் கூடாது."

மற்றப் பிள்ளைகள் கோட்டில் நின்று காலை உதறிக்கொண்டிருந்தார்கள். சிஸ்டர் சிசிலியா குடையைச் சரித்து எங்களைப் பார்த்தார். ஸ்ரெல்லா கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். அழவில்லை.

"தலைவரைக் கேளுங்கோ," என்றேன்.

நொத்தாரிசு திரும்பினார். "தலைவர், விதி மூண்டு, உபவிதி ரெண்டின்படி..."

பஞ்சலிங்கம் கதிரையில் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மாட்டினார். எங்களுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் வெயிலுக்கு ஒதுங்க இடம் பார்த்தார்கள். அவர் வாயைத் திறந்து மூச்சை இழுத்தார். அது பாதியில் நின்றது. கையைத் தூக்கினார், இன்னொருதரம் இழுத்தார். சொல்வதற்கு நிறைய இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. விதியின் வரலாறு, அதன் நோக்கம், விதிவிலக்கின் அவசியம், அந்த விதிவிலக்கு முன்னுதாரணமாக அமையாது என்ற குறிப்பு. அவ்வளவுக்கும் காற்று இருக்கவில்லை. இருந்த காற்றுக்கு ஒரு சொல்தான் கொள்ளும்.

"விடும்," என்றார்.

ஒன்றியத்தின் வரலாற்றில் அதைவிடச் சிறந்த பேச்சு ஒன்று நிகழ்த்தப்பட்டதாக நான் அறியேன். நொத்தாரிசு இன்னும் ஏதாவது வரும் என்று பேனையோடு காத்து நின்றார். ஸ்ரெல்லா காத்து நிற்கவில்லை.

அவள் வெல்லவில்லை. முதல் இரண்டு சுற்றும் பின்னால்தான் போனாள். தன்னுடைய மூச்சோடு கதைத்துக் கதைத்துப் போகிறவளைப் போல. கடைசிச் சுற்றில் இரண்டு பேரைக் கடந்து நாலாவதாக வந்தாள். கோடு தாண்டிப் புல்லில் இருந்து, கையைப் பின்னால் ஊன்றி, வானத்தைப் பார்த்து இளைத்தாள். நல்ல இளைப்பு, நெஞ்சு முழுவதும் ஏறி இறங்கியது. இருமல் ஒன்றுகூட வரவில்லை. நான் துவாயைக் கொடுத்தேன். என் கன்னம் நனைந்திருந்ததைக் கண்டு, அதை என்னிடமே திருப்பித் தந்து முகத்தைத் துடைக்கச் சொன்னாள்.

சிஸ்டர் சிசிலியா குடையோடு வந்து எங்களுக்கு நிழல் விழும்படி நின்றார்.

"நாலாவதோ?"

"ஓம், சிஸ்டர்."

"காணும். சித்திரை பிறந்தாப் பிறகு வா. பிள்ளையள் ஓடவேணும் ஓடவேணும் எண்டு நிக்குதுகள். முதல் நாள் அவைக்கு என்ன பழக்கப் போறாய்?"

ஸ்ரெல்லா இன்னும் இரண்டு மூச்சு எடுத்தாள். அவசரப்படவில்லை.

"ஆறியிருக்க, சிஸ்டர்."

சிஸ்டர் யோசித்தார். "அது சோதினைக்கு வராதே, பிள்ளை."

"வராட்டித்தான் சிஸ்டர் நல்லது," என்றாள் ஸ்ரெல்லா.